இடது இமையில் ஒட்டிய வைக்கோல்

வாடகைக் கார்க்காரன் சல்கினை வளைவிலேயே இறக்கிவிட்டான். அதற்கு மேல் போனால் வண்டி புதைந்துவிடும், தள்ளிவிட ஆள் கிடையாது என்று கையை விரித்தான். அவளும் மல்லுக்கு நிற்கவில்லை. மாத்திரைப் பொட்டலத்தைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு நடந்தாள். மதிய வேளைதான். வானமும் வெள்ளை, மலையும் வெள்ளை, பாதையும் வெள்ளை. போஸ்-ஜார் பள்ளத்தாக்கில் தை மாதக் குளிர் அப்படி. நிலம் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று ஆடுகளுக்கே குழப்பம் வரும்.

அவளுடைய இடது கண்ணின் மேல் இமை துடித்துக்கொண்டே இருந்தது. மாமியார் இறந்த மறுநாள் காலையில் ஆரம்பித்தது, இன்னும் நின்றபாடில்லை. வட்டார மருத்துவமனை டாக்டரம்மா விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, "தூக்கம் கெட்டா இப்படித்தான் ஆகும். டீயக் கொறைச்சுக்க. நல்லாத் தூங்கு. மனசுல எதையும் போட்டு அழுத்தி வச்சுக்காத" என்று சொல்லி மக்னீசிய மாத்திரை கொடுத்தாள். டீயைக் குறைக்க வேண்டுமாம். இந்தப் பள்ளத்தாக்கில் ஒருத்தியிடம் மூச்சைக் குறைத்துக்கொள் என்றால்கூட முயன்று பார்ப்பாள். மனசில் போட்டு அழுத்தாதே என்றதற்குத்தான் சல்கினுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கினால் அழுகையில் போய் முடியும் என்று பயந்து, தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள்.

கணவாயிலிருந்து இறங்கும் பாதையில் ஊரின் முதல் வீடு அவர்களுடையது. தகரக் கூரை, மண் சுவர், நீலச் சாயம் அடித்த சன்னல்கள். வளைவுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒற்றைப் பாப்ளார் மரம். அதைத் தாண்டியதும் நாய் குரைத்துக்கொண்டு ஓடி வர வேண்டும். அன்று வரவில்லை. ஆட்டுக் கொட்டகைக்குள் புகுந்துகொண்டு, மூக்கை மட்டும் வெளியே நீட்டிப் பார்த்தது.

வாசலுக்கு வந்தவள் மாமியாரின் அறைச் சன்னலைப் பார்த்தாள்.

கண்ணாடி முழுக்க உறைபனி பூத்திருந்தது. நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் உருகித் தெளிவாக இருந்தது. உள்ளே யாரோ உட்கார்ந்து, வாயால் ஊதி, விரலால் தேய்த்து, பாதையைப் பார்த்த மாதிரி.

நாற்பதாம் நாள் சாப்பாடு முடிந்த அன்றே அந்த அறையை அவள் பூட்டிவிட்டாள். அடுப்பு அணைந்து கிடக்கும் அறை. சாவி அவளுடைய கோட்டுப் பைக்குள், மாத்திரையோடு கிடந்தது.

*

மகள் மேரிமைப் பக்கத்து வீட்டு கென்ஜேயிடம் விட்டுப் போயிருந்தாள். மேரிமுக்கு ஐந்து வயது. கென்ஜேக்கு வாய் அதிகம், மனசு அதைவிட அதிகம்.

"என்னடி சொன்னா உங்க டாக்டரம்மா? டீ குடிக்காதன்னாளா? அவ மூஞ்சி! நீ உக்காரு, மொதல்ல டீயக் குடி" என்று டீ கொதிக்கும் சமாவரைத் திறந்தாள். பிறகு கொட்டகையிலிருந்து ஒரு வைக்கோல் துணுக்கை எடுத்து, நகத்தளவு கிள்ளி, நாக்கில் நனைத்து, சல்கினின் இமைமேல் ஒட்டினாள். அந்த ஊரில் கண் துடித்தால் எல்லோரும் செய்வதுதான். இமைக்குப் பாரம் தெரிந்தால் துடிப்பு அடங்கும் என்பார்கள்.

"எந்தக் கண்ணு? எடதா? அப்ப யாரோ தூரத்துலேர்ந்து..." என்று பழக்க தோஷத்தில் ஆரம்பித்த கென்ஜே, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இடது கண் துடித்தால், பார்க்கத் துடிக்கும் ஆள் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். யார் வருவார்?

"நான் ஒரு மடச்சி. மன்னிச்சுக்கடி."

"பரவால்லக்கா" என்றாள் சல்கின். வைக்கோல் இமையோடு சேர்ந்து துடித்துக்கொண்டிருந்தது.

வர வேண்டிய ஆள் எர்மெக். சல்கினின் கணவன். சைபீரியாவில் கட்டட வேலைக்குப் போனவன், இலையுதிர் காலத்தில் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான். துத்தநாகத் தகடு அடித்து மூடிய பெட்டியில் வந்தான். திறக்கக்கூடாது என்று காகிதம் ஒட்டியிருந்தது. அவன் முகத்தைச் சல்கின் பார்க்கவே இல்லை.

அப்போது மாமியார் உர்குயா இதய நோயோடு படுக்கையில் கிடந்தாள். அதிர்ச்சி தாங்கமாட்டாள் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். மூத்த மகன் ஜப்பார் உறவுக்காரர்களை உட்கார வைத்துப் பேசினார். பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. கணவாய்க்கு அந்தப் பக்கம், தாய்மாமன் ஊரில் அடக்கம் செய்தார்கள். கூடாரம் போட்டு, அதற்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, புருஷன் பேரில் பாட்டுக் கட்டி ஒப்பாரி வைக்க வேண்டிய பெண்டாட்டி, இங்கே கறுப்புக் கட்டாமல் சிவப்புத் தலைத்துணியோடு மாமியாருக்குச் சூப் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

கெட்ட சேதியை மறைப்பது அந்த மக்களுக்குப் பொய் இல்லை, மரியாதை. தூரத்தில் இருப்பவனுக்குத் தொலைபேசியில் சாவைச் சொல்லமாட்டார்கள். ஏதோ சாக்குச் சொல்லி வரவழைத்து, வாசலில் நிறுத்தி, நாலு பெரியவர்கள் கூடி, முறையான வார்த்தையில் சொல்வார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் அதைச் சொல்வதற்கென்றே கூப்பிடும் ஆள் ஜப்பார்தான். எத்தனையோ வாசலில் நின்று நிதானமாகச் சொன்ன மனிதர். தன் வீட்டு வாசல் வந்தபோது மட்டும் அவருக்கு வாய் எழவில்லை.

ஊர் முழுக்கத் தெரிந்த ரகசியம் ஒரே ஒருத்திக்குத் தெரியாமல் இருந்தது. அவளோ தினமும் சன்னல் உறைபனியை ஊதித் தேய்த்து, அந்த ஓட்டை வழியாகப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மவளே, பையன் பேசுனானா?"

"பேசுனாருங்க அத்தே. உங்கள ரொம்பக் கேட்டாரு. வேலையாம், சீக்கிரம் வந்துடுவாராம்."

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. எர்மெக் உயிரோடு இருந்தபோது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பதை அவனிடமிருந்து மறைத்தார்கள். வாராவாரம் அவன் கூப்பிடும்போது, "அத்தை பால் கறக்கப் போயிருக்காங்க, நல்லா இருக்காங்க" என்று சொன்னதும் இதே சல்கின்தான். இந்தப் பக்கம் ஒரு பொய், அந்தப் பக்கம் ஒரு பொய். நடுவில் அவள்.

உர்குயா மார்கழிக் குளிரில் ஒரு விடியற்காலையில் போய்ச் சேர்ந்தாள். பக்கத்தில் சல்கின் மட்டும்தான். வலது கண் மூடிக்கொண்டது. இடது கண் மூடவில்லை, சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. அப்படிப் போனால் யாரையோ எதிர்பார்த்துக்கொண்டே போனதாக அர்த்தம். சல்கின் கட்டைவிரலை அந்த இமைமேல் வைத்து மெதுவாக இறக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து, விரலுக்கு அடியில் இமை துடித்தது.

ஒரே ஒரு தடவை. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

*

டாக்டரம்மா சொன்னபடி டீயைக் குறைத்துப் பார்த்தாள். மாத்திரை போட்டாள். வெந்நீரில் துணி நனைத்து ஒற்றினாள். கென்ஜேயின் தங்க மோதிரத்தால் தேய்த்தாள். துடிப்பு அடங்கவில்லை. அது சும்மா துடிக்கிற துடிப்பில்லை என்பதும் சீக்கிரமே தெரிந்துபோனது.

ஒரு மத்தியானம் தண்ணீர் வாளியோடு வாசலில் நின்றாள். பனியின் வெளிச்சம் கூசியது. வலது கண்ணை மூடிக்கொண்டு துடிக்கிற கண்ணால் மட்டும் பாதையைப் பார்த்தாள்.

வளைவில் ஒரு ஆள் நின்றான்.

வலது கண்ணைத் திறந்தாள். வெறும் பனி. மறுபடி மூடினாள். துடிப்பு நின்றிருந்தது, ஆளும் இல்லை. கண் கூசினால் பூச்சி பறப்பது சகஜம்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போனாள். ஆனால் பூச்சிக்குத் தோள் இருக்குமா? இடது தோளைக் கொஞ்சம் இறக்கி, பையைச் சுமந்தபடி நிற்கும் அந்தத் தோளை அவளுக்குத் தெரியாதா?

மறுநாள் அந்த ஆள் வளைவைத் தாண்டியிருந்தான். அதற்கும் மறுநாள் இன்னும் கிட்டத்தில். துடிப்பு இருக்கும் நேரம் மட்டுமே தெரிவான். நடப்பதைப் பார்க்க முடியாது. நின்றுகொண்டேதான் இருப்பான், ஆனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கிட்டத்தில் நிற்பான். முகம் மட்டும் தெரியவில்லை. தலையைக் குனிந்து, தொப்பிக்குள் புதைத்திருந்தான்.

பயப்பட வேண்டியவள் பயந்தாளா என்றால், முதலில் இல்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும். அவள் அந்தத் துடிப்புக்காகக் காத்திருக்கத் தொடங்கினாள். வேலையை முடித்துவிட்டு வாசலில் வந்து நின்றாள். துடிப்பு வராவிட்டால் இமையைத் தேய்த்து எழுப்பினாள். கென்ஜே ஒட்டிவிட்ட வைக்கோலை அவளே பிய்த்து எறிந்தாள். பெட்டியைத் திறந்து பார்க்காதவள் அவள். உள்ளே இருந்தது எர்மெக்தான் என்று யார் கண்டது? காகிதம்தானே சொன்னது? ரஷ்யாக்காரன் பேர் மாற்றி அனுப்பியிருக்கமாட்டானா?

இப்படியெல்லாம் நினைத்துக்கொள்ளத்தான் அவளுக்குப் பிடித்திருந்தது.

ஆனால் அவன் கிட்டே வரவர குளிர் கூடியது. கொட்டகையில் காலையில் ஒரு குட்டி விறைத்துக் கிடந்தது. மறுநாள் இன்னொன்று, தாயின் வயிற்றுக்கு அடியிலேயே. நாய் சாப்பிடாமல் கிடந்தது. பூட்டிய அறைச் சன்னலில் அந்த வட்டம் தினமும் உருகியது, பாதைப் பக்கம் பார்த்தபடி. சில சமயம் உள்ளேயிருந்து மெல்லிய சத்தம் வந்தது.

ஹா... என்று வாயால் ஊதும் சத்தம்.

பிறகு கண்ணாடியில் விரல் தேய்க்கும் சத்தம்.

பூட்டிய கதவுக்கு அடியிலிருந்து வாடை வேறு. ஆட்டுக் கொழுப்பும் கற்பூரமும் கலந்து, மாமியார் நெஞ்சில் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாடை.

வியாழக்கிழமை சல்கின் எண்ணெய் காய வைத்து மாவுருண்டை பொரித்தாள். எண்ணெய் வாசம்தான் செத்தவர்களுக்குச் சாப்பாடு. புகை எழுந்ததும் கதவுப் பக்கம் திரும்பி, "அத்தே, இது உங்களுக்குத்தான். சாப்புட்டு நிம்மதியாப் போங்க" என்றாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் ஊதும் சத்தம் நின்றது.

"பையன் பேசுனானா?"

அது காதில் விழுந்ததா, இமையில் துடித்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. கரண்டி கையிலிருந்து நழுவி எண்ணெய்க்குள் விழுந்தது.

*

அன்றே ஓட்டமாக ஜப்பாரின் வீட்டுக்குப் போனாள். அவர் குதிரைக்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருந்தார். கணவனின் அண்ணன் பேரை அவள் சொல்லக்கூடாது. 'மூத்தவரே' என்றுதான் கூப்பிடுவாள். மாமியார் பேரும் அப்படியே. எர்மெக் பேரைக்கூட அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அவள் வாயால் சொன்னதில்லை. 'இவரு', 'உங்க தம்பி', 'மேரிம் அப்பா' என்றுதான் பேச்சு.

"மூத்தவரே, அத்தை இன்னும் போகல. அவங்களுக்கு யாரும் சொல்லல. அதான் போகல. நீங்க வந்து சொல்லுங்க. உங்க வாயால சொன்னாத்தான் முறை."

ஜப்பார் வாளியைக் கீழே வைத்தார்.

"என்னம்மா பேசற? செத்தவங்களுக்கு யாரும்மா சாவு சொல்லுவா?"

"இவருக்கும் சொல்லல. அம்மா செத்துட்டாங்கன்னு இவருக்கு யாரு சொன்னா? அம்மாவப் பாக்கத்தான் வந்துட்டிருக்காரு. நான் பாக்கறேன் மூத்தவரே. பாப்ளார் மரத்தத் தாண்டிட்டாரு."

அவர் அவளுடைய துடிக்கும் இமையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னால முடியாதும்மா. அன்னைக்கே முடியல. அவ கட்டில் பக்கத்துல போய் உக்காந்து வாயத் தொறப்பேன், அவ என்னப் பாத்து, தம்பி எப்பய்யா வருவான்னு கேப்பா. எந்திரிச்சு வந்துடுவேன்." முகத்தைக் குதிரையின் கழுத்தில் புதைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை போல அழுதார். "நீ வீட்டப் பூட்டிட்டு இங்க வந்துடும்மா. கொழந்தையக் கூட்டிட்டு வந்துடு."

குழந்தை என்றதும்தான் சல்கினுக்கு நினைவு வந்தது. மேரிமை அடுப்புப் பக்கத்தில் தூங்க வைத்துவிட்டு வந்திருந்தாள்.

ஓடினாள். மூடுபனி கணவாயிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. வெள்ளைக்குள் வெள்ளை. வீடு எதிரில் வந்து நின்ற பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

அடுப்புப் பக்கத்தில் மெத்தை காலியாகக் கிடந்தது.

மாமியாரின் அறைக்கதவு திறந்திருந்தது.

சாவி அவள் பையில்தான் இருந்தது.

மேரிம் கட்டில் மேல் மண்டி போட்டு, சன்னல் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. இமைகளில் பனி படிந்திருந்தது. உறைபனியில் இப்போது இரண்டு வட்டங்கள். ஒன்று பெரியது, ஒன்று சின்னது.

"அம்மா, சத்தம் போடாத" என்று ரகசியமாகச் சொன்னாள். "பாட்டியும் நானும் பாத்துட்டிருக்கோம். அப்பா வந்துட்டாங்க."

கட்டிலின் மறுபக்கம் மெத்தை, ஆள் உட்கார்ந்ததுபோல அமுங்கியிருந்தது.

சல்கின் குழந்தையை வாரி எடுத்தாள். ஐஸ் கட்டியைத் தூக்கியது போல இருந்தது. அடுப்பறைக்குக் கொண்டுபோய் இரண்டு ரஜாயில் சுற்றி அடுப்பை ஒட்டிக் கிடத்தினாள். குழந்தை கண்ணை மூடியதும், கதவைச் சாத்திவிட்டு வாசலுக்கு வந்தாள். இமை துடித்தது. இதுவரை துடித்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்கிற அளவுக்குத் துடித்தது. கன்னம் வரைக்கும் இழுத்தது.

வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டாள்.

படலுக்கு வெளியே அவன் நின்றான்.

கை நீட்டினால் தொடலாம். இடது தோள் இறங்கியிருந்தது. பையில் அம்மாவுக்கு வாங்கிய சால்வையின் பூப்போட்ட நுனி வெளியே தொங்கியது. வாங்கி வைத்திருக்கிறேன் என்று கடைசியாகப் பேசியபோது சொன்னானே, அதே சால்வை. முகம் அப்போதும் குனிந்தேதான் இருந்தது.

அவளுக்குப் பின்னால், வீட்டுக்குள்ளிருந்து, ரப்பர் காலணி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. மெதுவாக. உடம்புக்கு முடியாத கிழவியின் நடை. தைலத்தின் வாடை முதுகில் மோதியது.

இரண்டு பேருக்கும் நடுவில் அவள்.

ஒன்றும் சொல்லாமல் விட்டால் என்ன? படலைத் திறந்தால் போதும், அவன் உள்ளே வந்துவிடுவான். அம்மாவும் பிள்ளையும் சேர்ந்துவிடுவார்கள். அவளுக்கும் புருஷன் கிடைப்பான், இமை துடிக்கும் நேரம் மட்டுமாவது. இந்த ஆசை அவளுக்கு வந்தது. கையும் படலின் கொக்கி வரைக்கும் போனது.

உள்ளே மேரிம் இருமினாள்.

சல்கின் கையை எடுத்துக்கொண்டாள். ஜப்பார் பிறர் வீட்டு வாசல்களில் நிற்பது போல நிமிர்ந்து நின்றாள். முதலில் வீட்டுப் பக்கம் திரும்பினாள். திரும்பினாலும் தலையை நிமிர்த்திப் பார்க்கத் தைரியமில்லை. தரையில் இரண்டு ரப்பர் காலணிகளின் நுனி மட்டும் தெரிந்தது.

"அத்தே. மனசத் திடப்படுத்திக்கங்க. வந்தவங்க எல்லாரும் ஒரு நாள் போறவங்கதான். உங்க புள்ள வரமாட்டாரு." 'உங்க புள்ள' என்று சொன்னால் போதாது. பேர் சொல்லித்தான் சொல்ல வேண்டும், அதுதான் முறை. "எர்மெக் செத்துட்டாரு. எலையுதிர் காலத்துலயே செத்துட்டாரு. நான்தான் உங்ககிட்ட மறைச்சேன்."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் வாயில் வராத பேர். முதல் தடவையாக வந்தது, இந்த வாக்கியத்தில் வந்தது.

காலணிகளின் நுனி நகரவில்லை.

சல்கின் படல் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க" என்றாள். அதற்கு மேல் முறையான வார்த்தை எதுவும் அவளுக்கு வரவில்லை. "அம்மா பால் கறக்கப் போகலங்க. படுத்த படுக்கையாக் கெடந்தாங்க. உங்களப் பாத்துட்டே கெடந்து போய்ச் சேந்துட்டாங்க. எம் மேல கோவிச்சுக்காதீங்க."

வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது. மெலிதாக ஆரம்பித்து, இழுத்து, மேலே மேலே ஏறியது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் ஒப்பாரி. வெளியேயிருந்து ஆம்பிளைக் குரல் அதற்குப் பதில் சொன்னது. செத்த வீட்டுக்குத் தூரத்திலிருந்து வரும் மகன்கள் அழும் அழுகை, "அம்மாவே, என் அம்மாவே" என்று. இரண்டும் அவளுக்குள் புகுந்து போயின. அவளுக்கு மூன்றாவதாக ஒரு குரல் இருந்தது. அது வெளியே வரவில்லை.

"என்ன ஒரு தடவ பாருங்க" என்றாள் அவனிடம். "மொகத்தக் காட்டுங்க. பெட்டியத் தொறக்க விடலங்க."

அவன் பார்க்கவில்லை. செத்தவனுக்கு அன்று அம்மாதான் எல்லாம்.

இமை நின்றது. எதிரில் மூடுபனி மட்டும் இருந்தது.

சற்று நேரம் கழித்து ஜப்பாரும் கென்ஜேயும் ஓடி வந்தபோது, சல்கின் பனியில் உட்கார்ந்திருந்தாள். வாசல் வழியாக ரப்பர் காலணியின் தடம் ஒன்று படல் வரைக்கும் போயிருந்தது. படலுக்கு வெளியே ஒரு ஆணின் பூட்ஸ் தடம் அதோடு சேர்ந்துகொண்டது. பிறகு இரண்டும் பக்கம் பக்கமாகக் கணவாயை நோக்கிப் போயிருந்தன. ஜப்பார் தொப்பியைக் கழற்றிவிட்டு, அந்தத் தடங்களைப் பார்த்தபடி முழங்காலிட்டார்.

*

மறுநாளே ஜப்பார் வாசலில் கூடாரம் போட்டார். இனி எதற்கும் காத்திருக்க வேண்டாம் என்றார். சல்கின் கறுப்புத் துணி கட்டினாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். பள்ளத்தாக்கே திரண்டு வந்து அவளோடு சேர்ந்து அழுதது. அவளுக்குள் அடைந்து கிடந்ததெல்லாம் பாட்டாக வந்தது, பேரோடு வந்தது. தொண்டை கட்டும் வரை அவன் பேரைச் சொன்னாள். குட்டிகள் சாகவில்லை. நாய் சாப்பிட்டது. சன்னலில் வட்டம் உருகவில்லை.

மேரிமை மட்டும் அந்த நாட்களில் கென்ஜே வீட்டில் வைத்திருந்தார்கள்.

"சின்னப் புள்ள. அதுக்கு என்ன தெரியும்?" என்றார் ஜப்பார். "பாட்டிக்காக அழறோம்னு சொல்லிக்கலாம். கொஞ்சம் வளரட்டும், நானே சொல்றேன்."

கென்ஜே தலையாட்டினாள். சல்கினும் தலையாட்டினாள். மூன்று பேருக்கும் அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை.

டாக்டரம்மா சொன்னது பலித்துவிட்டது. சல்கின் தூங்கினாள், மனசில் எதையும் அழுத்தி வைக்கவில்லை, டீயை மட்டும் குறைக்கவில்லை. இமை கல்லு மாதிரி அசையாமல் கிடந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஆடு கறக்கும்போதும், மாவு பிசையும்போதும், சட்டென்று வேலையை நிறுத்திவிட்டு இமையைத் தேய்ப்பாள். ஒரே ஒரு துடிப்பு. ஒரே ஒரு தடவை முகம். பிறகு போகட்டும். எத்தனை தேய்த்தும் அது எழும்பவில்லை.

பனி உருகி, பாதையில் சேறு தெரிய ஆரம்பித்தது. நல்ல வெயில் அடித்த ஒரு முற்பகலில் சல்கின் வாசலில் கம்பளம் உதறிக்கொண்டிருந்தாள். மேரிம் படலில் ஏறித் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, என் கண்ணு துடிக்குது."

கம்பளம் கையிலிருந்து விழுந்தது.

"எந்தக் கண்ணு?"

"இந்தக் கண்ணு." இடது கண்ணைத் தொட்டுக் காட்டினாள். நகத்தளவு இமை, பறவைக் குஞ்சின் நெஞ்சு போல அடித்துக்கொண்டிருந்தது.

சல்கின் கொட்டகைக்கு ஓடினாள். வைக்கோல் ஒன்றை உருவி, கிள்ளி, நாக்கில் நனைத்தபடி திரும்பி ஓடி வந்தாள். நாய் அவளுக்கு முன்னால் ஓடிப் படல் பக்கம் நின்றது. அது குரைக்கவில்லை. வாலை ஆட்டியது, முனகியது, சேற்றில் புரண்டது. எர்மெக் ஊருக்கு வரும்போது மட்டும்தான் அது அப்படிச் செய்யும்.

பாதையில் யாருமில்லை. சல்கினுக்கு யாரும் தெரியவில்லை.

சொல்லிவிட வேண்டும். இப்போதே. அப்பா செத்துப்போயிட்டாரும்மா என்று இரண்டே வார்த்தை. அன்று பெரியவர்களுக்கே சொன்னவளுக்கு ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாதா? அவள் குழந்தையின் கையைப் பிடித்தாள். வெயிலில் நின்ற கை, விறைத்துக் குளிர்ந்திருந்தது.

"யாரோ வர்றாங்கம்மா."

சல்கினின் விரலிலிருந்து வைக்கோல் சேற்றில் விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

"எங்க நிக்கறாரு?" என்று மெல்லக் கேட்டாள்.

"அந்த மரத்துக்கிட்ட."

"மொகம் தெரியுதா? நல்லாப் பாரு கண்ணு. கீழ குனிஞ்சிருக்காரா?"

மேரிம் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டாள். அப்படிச் செய்ய யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. அவள் வாயிலிருந்து மூச்சு வெள்ளையாக வந்தது, அந்த வெயிலில்.

"இல்லம்மா. நிமிந்துதான் நிக்கறாங்க. உன்னத்தான் பாக்கறாங்க."

சல்கின் பிள்ளையின் கையை விடவில்லை. குளிர் அவளுடைய மணிக்கட்டு வரைக்கும் ஏறியது.

"இன்னும் கொஞ்ச நேரம் பாரு" என்றாள்.